நேற்று வரை ஓடிய ‘ரெப்போ’ இன்று திறக்க மறுப்பது ஏன்? - கிட் செயலிகளும் ஆபத்தான குறுக்கு வழிகளும்

திங்கட்கிழமை காலை. கிட்ஹப் டெஸ்க்டாப்பிலோ சோர்ஸ்ட்ரீயிலோ வழக்கமான புராஜெக்டை கிளிக் செய்கிறீர்கள். கோடுக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கைப் பெட்டி வருகிறது. சிலருக்கு ‘இந்த ஃபோல்டரின் உரிமை சந்தேகத்துக்குரியது’ என்று வரும். சிலருக்கு பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வரும். இன்னும் சிலருக்கு, பிரவுசரில் கண்ணெதிரே தெரியும் ரெப்போவையே ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சாதிக்கும். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு, நான் எதையும் தொடவே இல்லையே!” என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை.

அடுத்து என்ன செய்கிறோம்? இணையத்தில் தேடி, முதலில் கிடைக்கும் ஒற்றை வரிக் கட்டளையை காப்பி செய்து ஒட்டுகிறோம். எரர் போய்விடுகிறது, வேலை தொடர்கிறது. அந்த ஒரு வரி எதை அணைத்துவிட்டுப் போனது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

இங்கேதான் சிக்கல். 2021-க்குப் பிறகு கிட் பயன்படுத்துபவர்களுக்குத் திடீரென வரத் தொடங்கிய எரர்களில் பல, பழுதால் வந்தவை அல்ல. ஏதோ ஒரு திருட்டு வழியை அடைக்க வேண்டுமென்றே போடப்பட்ட பூட்டுகள். எந்தப் பூட்டு, எதற்காகப் போட்டார்கள் என்று தெரிந்தால், உடைக்காமலேயே திறக்கலாம். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முகம் வேறு, உழைப்பாளி வேறு

மென்பொருள் கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்பதைப் பதிவு செய்து வைக்கும் கருவிதான் கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதினார். லினக்ஸ் குழு அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டதால் எழுந்த தேவை அது. சில மாதங்களிலேயே பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது. ஒரு புராஜெக்டின் கோடும் அதன் முழு வரலாறும் சேர்ந்து இருக்கும் ஃபோல்டரைத்தான் ‘ரெப்போசிட்டரி’, சுருக்கமாக ‘ரெப்போ’ என்கிறோம்.

கிட் அடிப்படையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவி. அது கஷ்டம் என்பவர்களுக்காக வந்தவைதான் கிட்ஹப் டெஸ்க்டாப், சோர்ஸ்ட்ரீ, டார்ட்டாய்ஸ்கிட், கிட்கிராக்கன் போன்ற செயலிகள். விஷுவல் ஸ்டுடியோ கோடு எடிட்டரின் ஓரத்தில் இருக்கும் பகுதியும் இதே வகைதான். இவற்றில் நாம் பட்டனை அழுத்துகிறோம். பெரும்பாலும் பின்னால் நின்று வேலை செய்வது கிட்.

முதல் குழப்பமே இங்கிருந்துதான் வருகிறது. “டெர்மினல்ல ஓடுது, சோர்ஸ்ட்ரீல மட்டும் ஓட மாட்டேங்குது” என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். காரணம், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கிட் இருக்கலாம். கிட்ஹப் டெஸ்க்டாப் தனக்கென ஒரு கிட்டைக் கூடவே கொண்டுவருகிறது. சோர்ஸ்ட்ரீயில், அதனுடன் வரும் கிட்டையும் பயன்படுத்தலாம், கம்ப்யூட்டரில் நாம் தனியாக நிறுவிய கிட்டையும் பயன்படுத்தலாம். இரண்டின் பதிப்பு எண்ணும் வேறாக இருக்கக்கூடும்.

சாவிகளிலும் இதே கதைதான். எஸ்எஸ்எச் முறையில் சர்வருடன் இணையும்போது டெர்மினல் வழக்கமாக ஓப்பன்எஸ்எஸ்எச் சாவியைத் தேடும். விண்டோஸில் சோர்ஸ்ட்ரீயும் டார்ட்டாய்ஸ்கிட்டும் புட்டி வகைக் கருவியைப் பயன்படுத்தும்படி அமைக்கப்பட்டிருந்தால், அவை வேறு வடிவச் சாவியை எதிர்பார்க்கும். சாவி சரியாக இருந்தும் கதவு திறக்காது. ரெப்போவில் ஒரு குறையும் இருக்காது. செயலியின் எஸ்எஸ்எச் அமைப்பில் ஓப்பன்எஸ்எஸ்எச் என்று மாற்றினாலே போதும்.

செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது?

கிட்டின் அமைப்புகள், அதாவது ‘கான்ஃபிக்’, சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களில் இருக்கின்றன. முக்கியமாக மூன்று நிலை. கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவானது ஒன்று. லாக்-இன் செய்திருக்கும் நபருக்கு மட்டுமானது இரண்டாவது. குறிப்பிட்ட ரெப்போவுக்கு மட்டுமானது மூன்றாவது. இது அந்த ரெப்போவுக்குள் மறைந்திருக்கும் ‘டாட் கிட்’ ஃபோல்டரில் இருக்கும்.

மூன்றிலும் ஒரே விஷயம் வேறு வேறாக எழுதப்பட்டிருந்தால், ரெப்போவுக்கு மிக அருகில் இருப்பதே செல்லும். செயலியின் பொது அமைப்பில் அலுவலக இமெயிலைப் பத்து முறை மாற்றிய பிறகும், கமிட்டில் பழைய ஜிமெயில் முகவரியே வருகிறதா? அந்த ரெப்போவின் உள் ஃபைலில் பழைய முகவரி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிட்ஹப் டெஸ்க்டாப்பில் ரெப்போசிட்டரி செட்டிங்ஸ் பகுதிக்குப் போனால், பொது அமைப்பா, இந்த ரெப்போவுக்கு மட்டுமான அமைப்பா என்று தேர்ந்தெடுக்கலாம்.

இந்த ஃபைலைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் பெயரும் இமெயிலும் மட்டும் இருப்பதில்லை. ‘மாறிய ஃபைல்களைக் கண்டுபிடிக்க இந்த புரோகிராமை ஓட்டு’, ‘சர்வருடன் இணைய இந்தக் கட்டளையைப் பயன்படுத்து’ என்றெல்லாம்கூட எழுத முடியும். கிட் அதைப் படித்து அப்படியே இயக்கும். அதாவது, கான்ஃபிக் ஃபைலை எழுத முடிந்தவர், உங்கள் கம்ப்யூட்டரில் அவர் விரும்பும் புரோகிராமை ஓட்டவும் முடியும். இந்தக் காரணத்தால்தான், ஒரு ரெப்போவை குளோன் செய்யும்போது அதன் கான்ஃபிக் ஃபைல் நம்மிடம் வராதபடி கிட் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் ‘டாட் கிட்’ ஃபோல்டரோடு சேர்த்து ஜிப் செய்து அனுப்பினால், அவருடைய கான்ஃபிக்கும் கூடவே வந்துவிடும்.

2022 ஏப்ரலில் என்ன நடந்தது?

இப்போது அந்த ‘சந்தேகத்துக்குரிய உரிமை’ எரருக்கு வருவோம். நாம் ஒரு ஃபோல்டரைத் திறந்தால், அங்கே ‘டாட் கிட்’ இருக்கிறதா என்று கிட் பார்க்கும். இல்லாவிட்டால் ஒரு படி மேலே போய்ப் பார்க்கும். அங்கும் இல்லாவிட்டால் இன்னும் மேலே. இப்படியே டிரைவின் உச்சி வரை போகும்.

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் இது ஆபத்து. அவர்களில் ஒருவர் சி டிரைவின் உச்சியில் ஒரு ‘டாட் கிட்’ ஃபோல்டரை உருவாக்கி, அதன் கான்ஃபிக்கில் தன் புரோகிராமை எழுதி வைத்துவிட்டால் போதும். மற்றவர்கள் ரெப்போ அல்லாத ஏதாவது ஒரு ஃபோல்டரில் கிட்டை இயக்கும்போது, அவருடைய புரோகிராம் இவர்களுடைய அதிகாரத்தில் ஓடிவிடும். வரைகலைச் செயலிகளும் எடிட்டர்களும் ஃபோல்டரைத் திறந்த உடனேயே நிலவரம் பார்க்கப் பின்னணியில் கிட்டைக் கூப்பிடுபவை. அதனால் இங்கே ‘நான் எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லையே’ என்ற சமாதானம் எடுபடாது.

சிவிஇ-2022-24765 என்று எண் கொடுக்கப்பட்ட இந்த ஓட்டையை அடைக்க, 2022 ஏப்ரல் 12-ல் கிட் 2.35.2 பதிப்பு வெளியானது. அன்று முதல், ரெப்போ ஃபோல்டரின் உரிமையாளரும் லாக்-இன் செய்திருப்பவரும் ஒருவரே இல்லை என்றால் கிட் வேலை செய்ய மறுக்கும். உங்களுக்கு அந்த ஃபோல்டர் மீது நம்பிக்கை இருந்தால், ‘சேஃப் டைரக்டரி’ என்ற பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும். இந்தப் பட்டியலை ரெப்போவுக்குள் இருக்கும் கான்ஃபிக்கில் எழுதினால் செல்லாது. பயனரின் அமைப்பிலோ கம்ப்யூட்டரின் பொது அமைப்பிலோதான் எழுத வேண்டும். தனக்குத் தானே நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துக்கொள்ள முடியாதல்லவா?

தவறே செய்யாதவர்களுக்கும் இந்த எரர் வருவது எப்படி? பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டினால், ஃபோல்டரின் உரிமையாளர் பழைய கம்ப்யூட்டரின் பயனராகவே இருப்பார். விண்டோஸை மறுபடி நிறுவினால், பெயர் அதேதான் என்றாலும் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் புதிய ஆள். லினக்ஸில் அட்மின் அதிகாரத்தோடு குளோன் செய்தால் உரிமை ‘ரூட்’ பெயருக்குப் போய்விடும். பென் டிரைவ்களில் பரவலாக இருக்கும் எக்ஸ்ஃபேட் போன்ற வடிவங்களில் உரிமையாளர் என்ற தகவலே பதிவாகாது. அலுவலக நெட்வொர்க் டிரைவ், டாக்கர் கண்டெய்னர் ஆகியவற்றிலும் இதே பிரச்சினை வரும்.

தீர்வு இரண்டுதான். ஃபோல்டர் உண்மையிலேயே உங்களுடையது என்றால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாத இடம் என்றால், அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் நம்பகப் பட்டியலில் சேருங்கள். கிட்ஹப் டெஸ்க்டாப்பும் விஷுவல் ஸ்டுடியோ கோடும் எச்சரிக்கையோடு சேர்த்தே இதற்கான வழியைக் காட்டுகின்றன. டெர்மினலில் வரும் எரரிலும், சேர்க்க வேண்டிய பாதை முழுமையாக எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும் பதில் வேறு. ஃபோல்டர் பெயருக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி போடச் சொல்லும். ‘எல்லா ஃபோல்டரும் எனக்கு நம்பகமானவை’ என்பது அதன் பொருள். முதல் வெளியீடு வந்து ஓரிரு நாட்களிலேயே, எண்ணற்ற ரெப்போக்களைக் கையாளும் இடங்களுக்காக இந்த வசதி சேர்க்கப்பட்டது. வேலை முடிந்ததும் தூக்கி எறியப்படும் கண்டெய்னருக்குள் இதைப் போடுவதில் பெரிய தவறில்லை. உங்கள் சொந்த லேப்டாப்பில் போட்டால், 2022-ல் மூடிய கதவை நீங்களே திறந்து வைக்கிறீர்கள்.

பாஸ்வேர்டு சரிதான், ஏன் ஏற்கவில்லை?

2021 ஆகஸ்ட் 13 முதல், கோடை ஏற்றவும் இறக்கவும் கணக்கின் பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதை கிட்ஹப் நிறுத்திவிட்டது. டோக்கன் அல்லது எஸ்எஸ்எச் சாவி வேண்டும். அல்லது பிரவுசர் வழியாக உள்நுழைய வேண்டும். பாஸ்வேர்டு திருடு போனால் கணக்கே போய்விடும். டோக்கன் என்றால் எதற்கு, எவ்வளவு நாளைக்கு அனுமதி என்று வரையறுக்கலாம், தனியாக ரத்தும் செய்யலாம்.

பிட்பக்கெட்டும் அதே திசையில் போகிறது. அதன் ‘ஆப் பாஸ்வேர்டு’களை 2025 செப்டம்பர் 9 முதல் புதிதாக உருவாக்க முடியாது என்றும், பழையவை 2026 ஜூன் 9-ல் செயலிழக்கும் என்றும் அட்லாசியன் நிறுவனம் அறிவித்தது. அவற்றின் இடத்தில் வருவது ஏபிஐ டோக்கன்.

செயலிகளில் இது ஏன் குழப்பமாகிறது என்றால், பழைய பாஸ்வேர்டை விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரோ மேக்கின் கீசெய்னோ ஞாபகம் வைத்திருக்கும். செயலி உங்களைக் கேட்காமலேயே அதை எடுத்து அனுப்பும், சர்வர் மறுக்கும். “என்னைக் கேட்கவே மாட்டேங்குது, நேரா எரர் போடுது” என்று நாம் புலம்புவோம். அந்தப் பெட்டகத்தில் உள்ள பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடி முயன்றால், செயலி புதிதாகக் கேட்கும்.

‘ரெப்போ இல்லை’ என்ற எரரின் பின்னணியிலும் பல நேரங்களில் இதுதான் இருக்கும். தனியார் ரெப்போவைப் பார்க்க அனுமதி இல்லாதவருக்கு ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று கிட்ஹப் சொல்லாது. ‘அப்படி ஒன்று இல்லை’ என்றே சொல்லும். அப்படி ஒரு ரெப்போ இருப்பதே வெளியாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சொந்தக் கணக்கு ஒன்று, அலுவலகக் கணக்கு ஒன்று என வைத்திருப்பவர்களுக்கு இந்த எரர் வந்தால், முகவரியில் தவறு தேடுவதற்கு முன், செயலி எந்தக் கணக்கின் பெயரில் கதவைத் தட்டுகிறது என்று பாருங்கள்.

இங்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. ரெப்போவின் ரிமோட் முகவரிக்குள்ளேயே டோக்கனையும் சேர்த்து எழுதிவிடுவது. வேலை நடக்கும். ஆனால் அந்த டோக்கன் கான்ஃபிக் ஃபைலில் யாரும் படிக்கும்படி வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கும். புராஜெக்ட் ஃபோல்டரை ஜிப் செய்து நண்பருக்கு அனுப்பும் நாளில், வீட்டுச் சாவியையும் சேர்த்து அனுப்பியிருப்பீர்கள்.

சர்வரே மாறிவிட்டது என்றால்?

2023 மார்ச் 24 அன்று, எஸ்எஸ்எச் வழியாக கிட்ஹப்பைப் பயன்படுத்திய பலருக்கு மிரட்டலான எச்சரிக்கை வந்தது: சர்வரின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ இடையில் நின்று ஒட்டுக் கேட்கலாம். நடந்தது இதுதான். கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ வகை ரகசியச் சாவி, பொதுவெளியில் உள்ள ஒரு ரெப்போவில் சிறிது நேரம் தவறுதலாக வெளியாகிவிட்டது. முன்னெச்சரிக்கையாக அந்நிறுவனம் சாவியை மாற்றியது. மற்ற இரண்டு வகைச் சாவிகள் பாதிக்கப்படவில்லை.

அன்று பலர் செய்த சரியான காரியம், கிட்ஹப் தன் தளத்தில் வெளியிட்டிருந்த புதிய கைரேகை எண்ணோடு தங்கள் திரையில் தெரிந்ததை ஒப்பிட்டுப் பார்த்து, பழைய பதிவை நீக்கியது. தவறான காரியம், ‘இனிமேல் சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கவே வேண்டாம்’ என்று எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றியது. அன்று அந்த எச்சரிக்கைக்குக் காரணம் சாவி மாற்றம். இன்னொரு நாள் அதே எச்சரிக்கை உண்மையான திருடனால் வரலாம். சரிபார்ப்பை அணைத்தவருக்கு அது தெரியவே போவதில்லை.

செயலியே நின்றுபோன சம்பவமும் உண்டு. 2022 டிசம்பரில் கிட்ஹப்பின் சில உள் ரெப்போக்களை யாரோ அனுமதியின்றி நகலெடுத்தனர். அவற்றில் செயலிகளுக்குக் கையொப்பமிடும் சான்றிதழ்களும் இருந்தன. அவை பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருந்தன. நிறுவனம் 2023 பிப்ரவரி 2-ல் அந்தச் சான்றிதழ்களை ரத்து செய்தது. அதன் விளைவாக மேக் கணினிகளுக்கான கிட்ஹப் டெஸ்க்டாப்பின் 3.0.2 முதல் 3.1.2 வரையிலான பதிப்புகள் இயங்காமல் போயின. தன் ரெப்போவில்தான் கோளாறு என்று யாராவது அன்று கான்ஃபிக்கைக் குடைந்திருந்தால் அது வீண் வேலை. தேவைப்பட்டது ஓர் அப்டேட் மட்டுமே.

கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து

2025-ல் வெளியான ஓட்டை, கான்ஃபிக் ஃபைல் எவ்வளவு நுட்பமானது என்பதற்குச் சரியான உதாரணம். பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வரி முடிந்ததும் உருளையை வரியின் தொடக்கத்துக்குத் தள்ளுவார்கள். கம்ப்யூட்டரிலும் அதற்கு ஓர் எழுத்து இருக்கிறது, திரையில் தெரியாது. பெயர் ‘கேரேஜ் ரிட்டர்ன்’.

ஒரு மதிப்பின் கடைசியில் இந்த எழுத்து இருந்தால், கான்ஃபிக்கைப் படிக்கும்போது கிட் அதை வெட்டிவிடும். எழுதும்போதோ அதை மேற்கோள் குறிக்குள் வைத்துப் பாதுகாக்காது. ஆக, எழுதியது ஒன்று, திரும்பப் படிப்பது இன்னொன்று. ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவை வைக்கும் ‘சப்மாட்யூல்’ வசதியில் இந்த எழுத்தை நுழைத்தால், உள் ரெப்போ போக வேண்டிய இடத்துக்குப் பதிலாக, கிட் தானாக இயக்கும் ‘ஹூக்ஸ்’ ஃபோல்டரில் போய் இறங்கும்படி செய்யலாம். குளோன் செய்து முடிக்கும்போது தாக்குபவரின் புரோகிராமும் ஓடி முடிந்திருக்கும்.

சிவிஇ-2025-48384 என்ற இந்த ஓட்டைக்கு 2025 ஜூலை 8-ல் 2.50.1 உள்ளிட்ட திருத்தப் பதிப்புகள் வந்தன. ஃபைல் பெயரில் இந்த எழுத்தை விண்டோஸ் அனுமதிக்காததால், பாதிப்பு லினக்ஸுக்கும் மேக்குக்கும்தான். மேக்கில் கிட்ஹப் டெஸ்க்டாப் பயன்படுத்துபவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. காரணம், அது குளோன் செய்யும்போது சப்மாட்யூல்களையும் கேட்காமலேயே சேர்த்து இறக்கும். அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, 2025 ஆகஸ்ட் 25 அன்று இதைத் ‘தாக்குதல்களில் பயன்படுத்தப்படும் ஓட்டைகள்’ பட்டியலில் சேர்த்தது.

அதே ஆண்டு ஜனவரியில் இன்னொன்றும் வெளியானது. ரிமோட் முகவரியைத் தந்திரமாக எழுதி, கிட்ஹப் டெஸ்க்டாப்பில் உள்ள உள்நுழைவுத் தகவலை வேறு சர்வருக்கு அனுப்ப வைக்கும் ஓட்டை அது. 3.4.12 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. இரண்டிலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றே. கம்ப்யூட்டரில் உள்ள கிட்டை மட்டும் அப்டேட் செய்தால் போதாது. செயலி தனக்குள் வைத்திருக்கும் கிட்டும் அப்டேட் ஆக வேண்டும். அதற்குச் செயலியையும் அப்டேட் செய்ய வேண்டும்.

சரி, எப்படிச் சரி பண்றது?

அடுத்த முறை எரர் வந்தால், எதையும் ஒட்டுவதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

1. எந்த கிட்? செயலியின் அமைப்பில் உள் கிட்டா, வெளி கிட்டா, என்ன பதிப்பு என்று பாருங்கள். டெர்மினலில் ஓடி செயலியில் ஓடவில்லை என்றால், அல்லது நேர்மாறாக இருந்தால், பதில் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும்.

2. எந்த ஃபோல்டர்? நீங்கள் பத்து ஃபைல் வைத்திருக்கும் புராஜெக்டில் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் காட்டுகிறதா? எப்போதோ தவறுதலாக டெஸ்க்டாப்பிலோ ஹோம் ஃபோல்டரிலோ ரெப்போ உருவாக்கிவிட்டீர்கள்; கிட் மேலே ஏறிப்போய் அதைப் பிடித்திருக்கிறது. அங்கே உள்ள ‘டாட் கிட்’ தேவையற்றதுதான் என்று உறுதி செய்த பிறகே நீக்குங்கள். நீக்கினால் அதிலுள்ள வரலாறும் போய்விடும்.

3. எந்த முகவரி? ரெப்போ வேறு கணக்குக்கு மாற்றப்பட்டதா, பெயர் மாறியதா, முகவரி எச்டிடிபிஎஸ் வகையா எஸ்எஸ்எச் வகையா என்று ரிமோட் பகுதியில் பாருங்கள்.

4. யார் பெயரில்? பெட்டகத்தில் சேமித்துள்ள கணக்கு எது, டோக்கன் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள்.

5. எந்த அமைப்பு, எங்கிருந்து? டெர்மினலில் ‘கிட் கான்ஃபிக்’ கட்டளையோடு ‘லிஸ்ட்’, ‘ஷோ ஆரிஜின்’ என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்துக் கொடுத்தால், எந்த மதிப்பு எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று வரி வரியாகக் காட்டும். செயலியின் செட்டிங்ஸ் பக்கம் பெரும்பாலும் இதைச் சொல்லாது. டெர்மினல் பக்கமே போகாதவர்கள்கூட இந்த ஒரு கட்டளையைக் கற்றுவைத்திருப்பது நல்லது.

இன்னொரு குறுக்கு வழியையும் சொல்லிவிட வேண்டும். பெரிய அலுவலகங்களில் இணையப் போக்குவரத்து, நிறுவனத்தின் பாதுகாப்புக் கருவி வழியாகப் போகும். அந்தக் கருவியின் சான்றிதழை கிட் அறியாது. ‘சான்றிதழை நம்ப முடியவில்லை’ என்று நிற்கும். “எஸ்எஸ்எல் வெரிஃபையை ஆஃப் பண்ணிடு, ஓடும்” என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார். ஓடத்தான் செய்யும். ஆனால் அதே லேப்டாப்பை வீட்டிலோ காபி கடையிலோ திறந்தால், எதிரே இருப்பது உண்மையான சர்வரா என்று கிட் இனிமேல் பார்க்காது. சரியான வழி, நிறுவனத்தின் சான்றிதழை கிட்டுக்கு அறிமுகப்படுத்துவது. விண்டோஸில் கிட்டை நிறுவும்போதே, விண்டோஸின் சான்றிதழ் பெட்டகத்தைப் பயன்படுத்தும்படி தேர்வு செய்யலாம். நிறுவனச் சான்றிதழ் அங்கே ஏற்கெனவே இருந்தால் வேலை முடிந்தது.

பழி பயனர் மீது மட்டுமா?

‘படிக்காமல் கிளிக் செய்கிறார்கள்’ என்று பயனரைத் திட்டுவது சுலபம். ஆனால் மாலைக்குள் முடிக்க வேண்டிய வேலையோடு உட்கார்ந்திருப்பவரிடம், காரணத்தை அரைகுறையாகச் சொல்லும் ஒரு பெட்டியைக் காட்டினால் அவர் வேறென்ன செய்வார்? பட்டன்களால் சிக்கலை மறைப்பதுதான் இந்தச் செயலிகளின் பலம். எரர் வரும் நேரத்தில் அதுவே பலவீனம். எந்த ஃபைலில் எந்த வரி தடுக்கிறது, அதை மாற்றினால் எந்தப் பாதுகாப்பு போகும் என்று அதே பெட்டியில் இரண்டு வரி சேர்த்தால், பாதிப் பேர் இணையத்தில் தேடவே போக மாட்டார்கள்.

நம் ஊருக்கும் இதில் அக்கறை இருக்கிறது. இந்தியாவில் கிட்ஹப் பயன்படுத்தும் டெவலப்பர்களின் எண்ணிக்கை 2028-க்குள் அமெரிக்காவை முந்தும் என்று அந்நிறுவனத்தின் 2024 அறிக்கை கணித்தது. அவர்களில் பலர் கிட்டை முதலில் தொடுவது கல்லூரி லேபில். 2022-ன் ஓட்டை பேசியதே, பலர் பகிரும் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். ஆனால் லேபில் எல்லா மாணவர்களும் ஒரே லாக்-இன்னில் நுழைந்தால், கிட்டின் பார்வையில் எல்லா ஃபோல்டருக்கும் ஒரே உரிமையாளர்தான். பூட்டு இருந்தும் பயனில்லை. காலையில் வந்த மாணவர் தன் கணக்கிலிருந்து வெளியேறாமல் போனால், மதியம் வருபவரின் கோடு முதல்வரின் கணக்கிலேயே ஏறும். அவருடைய தனியார் ரெப்போக்களும் திறந்து கிடக்கும். ஒவ்வொருவருக்கும் தனி லாக்-இன் கொடுப்பது கல்லூரியின் பொறுப்பு. பகிரும் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் செயலியிலிருந்து வெளியேறி, பெட்டகப் பதிவை நீக்குவது மாணவரின் பொறுப்பு.

அலுவலகங்களும் ஒன்று செய்யலாம். சான்றிதழ், நம்பகமான நெட்வொர்க் ஃபோல்டர்கள் போன்றவற்றை கம்ப்யூட்டரின் பொது கான்ஃபிக்கிலேயே ஐடி குழு எழுதிக் கொடுத்துவிட்டால், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குறுக்கு வழி தேட வேண்டிய அவசியம் வராது.

இதைப் படித்து முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன பட்டியல் கட்டளையை ஓட்டி மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: சேஃப் டைரக்டரியில் நட்சத்திரக் குறி, அணைக்கப்பட்ட எஸ்எஸ்எல் சரிபார்ப்பு, ரிமோட் முகவரிக்குள் டோக்கன். கடைசியானது ரெப்போவின் உள் ஃபைலில் இருக்கும் என்பதால், ஒவ்வொரு ரெப்போவிலும் தனியாகப் பார்க்க வேண்டும். இவற்றில் எது இருந்தாலும், எப்போதோ அவசரத்தில் ஒட்டிய ஒரு வரியின் மிச்சம் அது. முதல் இரண்டையும் நீக்குங்கள். டோக்கனை ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுங்கள். நீக்கியதும் ஏதாவது ஒரு ரெப்போ மறுபடி எரர் காட்டலாம். இந்த முறை அது என்ன கேட்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.